புது மீனுக்குத் தனித் தொட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் இரயில் நிலையம் உண்டு. அதன் பெயர் மண்டபம் கேம்ப். கேம்ப் என்றால் முகாம். அது என்ன முகாம்?

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான தொழிலாளர்கள் போனார்கள். கடல் தாண்டுவதற்கு முன் அவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைத்தார்கள். காலரா உண்டா, அம்மை உண்டா என்று பார்த்தார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள்.

இந்த வழக்கம் மிகப் பழையது. ஐரோப்பாவில் ரகூசா என்றொரு துறைமுக நகரம் இருந்தது. இன்று அதன் பெயர் துப்ரோவ்னிக். பிளேக் நோய்க்குப் பயந்து, 1377-ஆம் ஆண்டில் அந்த நகரம் ஒரு சட்டம் போட்டது. நோய் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்க வேண்டும். அதன் பிறகே ஊருக்குள் வரலாம். பிற்காலத்தில் இது 40 நாள் ஆனது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'குவாரன்டைன்' என்ற சொல் பிறந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது இந்தச் சொல் நம் ஊர்த் தெருக்களுக்கும் வந்தது. தமிழில் தனிமைப்படுத்துதல் என்கிறோம்.

மனிதருக்கு உள்ள இந்த முறை மீனுக்கும் உண்டு. கடல் மீனைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடல் அலங்கார மீன்

கோமாளி மீனைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிற உடம்பு, அதில் வெள்ளைப் பட்டைகள். வீட்டுத் தொட்டியில் வளர்க்கப் பலரும் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. அதன் தலைமையகம் இப்போது கொச்சியில் இருக்கிறது. மண்டபத்தில் அதன் மையம் ஒன்று உள்ளது. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். கடற்கரைப் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். குஞ்சுகளை வாங்கி, வளர்த்து, விற்பது இவர்களின் தொழில்.

இந்தத் தொழிலில் பெரிய பயம் நோய்தான். ஒரு தொட்டியில் நோய் புகுந்தால் ஒரு வாரத்தில் தொட்டியே காலியாகிவிடலாம்.

ஐந்து பெண்களின் குழு

ஒரு குழுவை மனதில் வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து பெண்கள். வங்கிக் கடனில் தொட்டிகள் வாங்கினார்கள். சென்ற ஆண்டு புதிதாக வாங்கிய மீன்களைப் பழைய மீன்களோடு சேர்த்து விட்டார்கள். பத்தே நாளில் பாதிக்கு மேல் செத்துப் போயின. கடன் தவணை மட்டும் சாகவில்லை. அதைக் கூலி வேலைக்குப் போய்க் கட்டினார்கள்.

இந்த ஆண்டு அவர்களிடம் 40 மீன்கள் விற்பனைக்குத் தயார். ஒரு வியாபாரி 50 மீன்கள் கேட்டார். குறையும் மீனுக்காக வேறொரு பண்ணையிலிருந்து 12 மீன்கள் வாங்கி வந்தார்கள். வழியில் ஒன்றிரண்டு போனாலும் கணக்குச் சரியாக வரும் என்று எண்ணினார்கள்.

"மதினி, பையைப் பெரிய தொட்டியில அவுத்து விடட்டுமா? அடுத்த வாரம் வியாபாரி வந்துருவாரு" என்றாள் இளையவள்.

"அவுக்காத தங்கச்சி. போன வருசம் பட்டது போதாதா? இது தனியாத்தான் இருக்கணும்" என்றாள் மூத்தவள்.

"மீனு நல்லாத்தானே இருக்கு. துள்ளுது பாருங்க."

"அன்னிக்கும் துள்ளத்தான் செஞ்சுச்சு."

"தனியா வச்சா ஒரு மாசம் ஆகுமே. ஆர்டரு போயிருமே."

"நாப்பதக் கொடுப்போம். பத்துக்கு ஆசப்பட்டு நாப்பதையும் தொலைக்கவா?"

மூத்தவள் சொன்னது சரி. ஏன் என்று பார்ப்போம்.

நோய் எப்படிப் பரவுகிறது?

கடல் மீனுக்கு வரும் நோய்களில் முக்கியமானது வெள்ளைப்புள்ளி நோய். இறால் பண்ணை வைத்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் இது வேறு, அது வேறு. இறாலுக்கு வருவது வைரஸ் கிருமியால். கடல் மீனுக்கு வருவது ஓர் ஒட்டுண்ணியால். அதன் பெயர் கிரிப்டோகேரியான். ஒரே ஒரு செல் கொண்ட உயிர் அது.

அதன் வாழ்க்கை நான்கு கட்டம்:

1. மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து தின்று கொழுக்கிறது. அப்போது உப்புக்கல் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளி தெரியும். இப்படி 3 முதல் 7 நாள் வரை மீனில் இருக்கும்.

2. பிறகு மீனை விட்டு விழுகிறது. புள்ளி மறைந்துவிடும். நோய் தீர்ந்தது என்று நாம் ஏமாந்து போவோம்.

3. தொட்டியின் தரையில், மணலில், கல்லில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்கிறது. ஓட்டுக்குள் ஒன்று பலவாகப் பெருகுகிறது.

4. ஓடு உடைந்து நூற்றுக்கணக்கான குட்டிகள் வெளியே வருகின்றன. அடுத்த மீனைத் தேடி நீந்துகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

மூன்றாவது கட்டத்துக்குக் குறைந்தது 3 நாள் ஆகும். சில ஓடுகள் மிகத் தாமதமாக உடையும். 72 நாள் வரை கூட ஆகலாம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். எனவே பெரிய தொட்டியில் நோய் புகுந்துவிட்டால், மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, 76 நாள் தொட்டியை மீன் இல்லாமல் வைக்க வேண்டியிருக்கும். தொழில் செய்கிறவர்களால் இது முடியுமா? வருமுன் காப்பதே சுலபம்.

புது மீனின் செவுளில் ஒட்டுண்ணி ஒளிந்திருக்கலாம். வெளியே ஒரு புள்ளியும் தெரியாது. அதனால்தான் பார்க்க நன்றாக இருக்கும் மீனையும் தனியே வைக்க வேண்டும். குறைந்தது 30 நாள் வைக்க வேண்டும். 40 நாள் என்றால் இன்னும் நல்லது.

தேவையான பொருட்கள்

தனித் தொட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. செலவும் அதிகம் இல்லை.

- 45 முதல் 60 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று. பழைய தொட்டியானாலும் ஒழுகாமல் இருந்தால் போதும்.
- பிளாஸ்டிக் டப்பு இரண்டு. மருந்தோ, சோப்போ, பெயின்டோ வைத்திருந்த டப்பு கூடாது.
- சிறிய ஏர் பம்ப், காற்றுக் குழாய்.
- ஸ்பாஞ்சு வடிகட்டி இரண்டு. இது ஏர் பம்பிலேயே ஓடும். விலை குறைவு.
- மீன் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள். பிளம்பரிடம் மிச்சத் துண்டு கேட்டாலே கிடைக்கும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.
- தெர்மாமீட்டர், உப்பு அளக்கும் ஹைட்ரோமீட்டர், அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட்.
- தனிக் கைவலை, தனி மக்கு, தனி வாளி, தனி ரப்பர் குழாய். இவற்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடையாளம் போடுங்கள். பெரிய தொட்டிப் பக்கம் இவை போகவே கூடாது.
- மூடுவதற்கு வலைத் துணி. புது மீன் மிரண்டு வெளியே குதிக்கும்.

மணல் வேண்டாம். கல் வேண்டாம். பவளப்பாறை வேண்டவே வேண்டாம். ஒட்டுண்ணி ஒளிய அவை இடம் கொடுக்கும். மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும். உயிருள்ள கல் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

பணம் குறைவாக இருந்தால் எதைக் குறைக்கலாம்? தொட்டியைக் குறைக்கலாம், டப்பே போதும். விளக்கைக் குறைக்கலாம், பகல் வெளிச்சம் போதும். நம் கடற்கரையில் பெரும்பாலும் ஹீட்டரும் வேண்டாம். ஆனால் ஹைட்ரோமீட்டரையும் அம்மோனியா டெஸ்ட் கிட்டையும் குறைக்கக் கூடாது. அவை இல்லாமல் மீன் வைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு படகு விடுவது போல.

ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை

மீனின் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். வடிகட்டிப் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை.

கடையில் வாங்கிய புதுப் பஞ்சில் இந்தப் பாக்டீரியா இருக்காது. எனவே இரண்டு பஞ்சு வடிகட்டிகளையும் நோய் இல்லாத பழைய தொட்டியில் ஒரு மாதம் ஓட விடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது. புது மீன் வரும் நாளில் ஒரு பஞ்சைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று கொள்வோம். மேலே 5 செ.மீ. விட்டு நிரப்புகிறோம். தண்ணீரின் உயரம் 25 செ.மீ.

60 × 30 × 25 = 45,000 கன செ.மீ.

1,000 கன செ.மீ. ஒரு லிட்டர். எனவே 45 லிட்டர்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 45 × 35 = 1,575 கிராம். அதாவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையையே பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பு உதவாது. அதில் கால்சியம், மக்னீசியம் போன்ற தாதுக்கள் போதிய அளவு இல்லை. முதல் நாளே கலக்கி, காற்று விட்டு வையுங்கள். ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் கடல் நீர் அளவு. குறைந்தால் இன்னும் கொஞ்சம் உப்பு, கூடினால் கொஞ்சம் நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலில் அதைப் போக்க வேண்டும்.

கடற்கரையில் இருப்பவர்கள் கடல் நீரையே எடுக்கலாம். ஆற்று முகத்துவாரம், சாக்கடை, படகுத் துறை அருகே எடுக்கக் கூடாது. எடுத்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். தெளிந்த நீரை மட்டும் மேலாக எடுத்துக் காற்று விட்டுப் பயன்படுத்துங்கள்.

மீனை விடும் முறை

விற்பவரிடம் அவருடைய தொட்டியின் உப்பு அளவைக் கேளுங்கள். தனித் தொட்டியிலும் அதே அளவு வையுங்கள். பிறகு சில நாளில் சிறிது சிறிதாக 1.025-க்குக் கொண்டு வரலாம்.

பையைத் திறக்காமல் தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். சூடு சமமாகும். பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

முதல் நாள் வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். இரையை அடுத்த நாள் தொடங்கலாம். கொஞ்சமாகப் போடுங்கள். சில நிமிடத்தில் தின்று முடிக்க வேண்டும். மிச்சத்தை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

தினமும் அம்மோனியா பாருங்கள். பூஜ்யம் இருந்தால் நல்லது. 0.25 காட்டினால் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை தண்ணீர் மாற்றுங்கள். ஊற்றும் நீரின் உப்பும் சூடும் தொட்டி நீரைப் போலவே இருக்க வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

தினமும் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் மீனைப் பாருங்கள்.

- இரை எடுக்கிறதா?
- மூச்சு வேகமாக வாங்குகிறதா? மேலே வந்து வாய் பிளக்கிறதா?
- உடம்பைக் குழாயில் தேய்க்கிறதா?
- துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா?
- உப்புக்கல் போலப் புள்ளி உண்டா? அது வெள்ளைப்புள்ளி நோய்.
- மாவு தூவியது போல மெல்லிய தூசி உண்டா? அது வெல்வெட் நோய். மிக வேகமாகக் கொல்லும்.
- தோலில் வழவழப்பாகச் சளி திரண்டு உரிகிறதா? கோமாளி மீனுக்கு வரும் புரூக்ளினெல்லா நோயாக இருக்கலாம்.

பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். தேதி, சூடு, உப்பு, அம்மோனியா, மீனின் நிலை என்று ஐந்து கட்டம் போதும். அந்தக் குழுவில் நோட்டு எழுதியவள் இளையவள். அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவள் அவள். ஐந்தாம் நாள் காலையில் அவள் எழுதினாள்: "மூணு மீன் தேய்க்குது. ஒரு மீன் வாலில் நாலு புள்ளி."

டப்பு மாற்றும் முறை

வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்தே இல்லாத ஒரு வைத்தியம் உண்டு. ஒட்டுண்ணியின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் இதுவும் புரியும்.

மீனிலிருந்து விழுந்த ஒட்டுண்ணி குட்டி போடக் குறைந்தது 3 நாள் ஆகும். அந்த 3 நாளுக்குள் மீனை வேறு டப்புக்கு மாற்றிவிட்டால்? குட்டிகள் வெளியே வரும்போது மீன் இருக்காது. மீனில் மிச்சம் இருப்பவை அடுத்த டப்பில் விழும். மறுபடி மாற்ற வேண்டும். இப்படிச் செய்தால் 12 நாளில் மீனில் ஒன்றும் மிஞ்சாது.

- 1-ஆம் நாள்: முதல் டப்பில் மீனை விடுங்கள்.
- 4-ஆம் நாள்: இரண்டாம் டப்புக்கு மாற்றுங்கள்.
- 7-ஆம் நாள்: முதல் டப்புக்கு.
- 10-ஆம் நாள்: இரண்டாம் டப்புக்கு.
- 13-ஆம் நாள்: சுத்தம் செய்த தனித் தொட்டிக்கு.

இரண்டு மாற்றத்துக்கு இடையில் 72 மணி நேரம் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிய நீர் வேண்டும். மாற்றும்போது பழைய நீர் சேரக் கூடாது. காலியான டப்பு, குழாய்த் துண்டு, காற்றுக் குழாய், வலை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. டப்பில் பஞ்சு வடிகட்டி வேண்டாம், காற்று மட்டும் போதும். இரையைக் குறைத்து, அம்மோனியாவைப் பாருங்கள்.

இந்த முறை வெள்ளைப்புள்ளி நோய்க்கு மட்டும்தான். வெல்வெட் நோய்க்கு இதை நம்பக் கூடாது.

அந்தக் குழு இதைத்தான் செய்தது. தொடங்கும் முன்பே இரண்டு மீன்கள் செத்துவிட்டன. மற்ற பத்தும் பிழைத்தன. தனித் தொட்டியைக் கழுவிக் காய வைத்து, இரண்டாவது பஞ்சைப் போட்டு, மேலும் 30 நாள் வைத்துப் பார்த்தார்கள். குறித்த நாளில் வந்த வியாபாரி முகம் சுளித்தார். ஆனாலும் 40 மீன்களை எடுத்துக்கொண்டார். மீதி பத்துப் பிறகு போயிற்று. பெரிய தொட்டியில் ஒரு புள்ளியும் வரவில்லை. தவணையும் தவறவில்லை.

மருந்து: படித்த பிறகே தொடுங்கள்

செம்பு மருந்து வெள்ளைப்புள்ளியையும் வெல்வெட்டையும் கொல்லும். ஆனால் அளவு குறைந்தால் பயன் இல்லை, கூடினால் மீன் சாகும். செம்பு மருந்தில் பல வகை உண்டு. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். செம்பு அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம், கடல் தாமரை உள்ள தொட்டியில் செம்பு கூடவே கூடாது.

ஃபார்மலின் மனிதருக்கும் நஞ்சு. மீன்வளத் துறையினரின் நேரடி வழிகாட்டல் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

தோலில் ஒட்டும் தட்டைப்புழுவுக்கு நல்ல தண்ணீர்க் குளியல் உதவும். குளோரின் இல்லாத, அதே சூடும் அதே காரத்தன்மையும் உள்ள நல்ல தண்ணீரில், காற்று விட்டு, 3 முதல் 5 நிமிடம் மீனை விட வேண்டும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள். மீன் துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

நம் பாதுகாப்பு

உப்பு நீரும் கரண்டும் சேர்ந்தால் ஆபத்து. பிளக் பாயின்ட் தொட்டியை விட உயரத்தில் இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறட்டும். அப்போது வயர் வழியே வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

கரண்டு போனால் பேட்டரி பம்ப் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மக்கால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

கையில் காயம் இருந்தால் தொட்டியில் கை விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். முதலில் பெரிய தொட்டி வேலை, கடைசியில் தனித் தொட்டி வேலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

செத்த மீனைக் கடலில் எறியாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள். வேண்டாத மீனையும் கடலில் விடாதீர்கள். நம் தொட்டி நோய் கடல் மீனுக்கு ஏன் போக வேண்டும்?

நினைவில் வைப்போம்

1. புது மீன் எதுவானாலும் 30 நாள் தனியே.
2. பஞ்சைப் பழுக்க வைப்பது ஒரு மாதம் முன்பே.
3. புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று பொருள் இல்லை.
4. தனித் தொட்டிச் சாமான் பெரிய தொட்டிக்குப் போகாது.
5. படிக்காமல் மருந்து இல்லை, அளக்காமல் மருந்து இல்லை.

கணக்குப் போடுவோம்

1. ஒரு தொட்டியின் நீளம் 50 செ.மீ., அகலம் 30 செ.மீ., தண்ணீரின் உயரம் 20 செ.மீ. எத்தனை லிட்டர்? எவ்வளவு உப்பு வேண்டும்?
2. குழு வாங்கியவற்றில் பிழைத்த 10 மீன்கள் தனித் தொட்டியில் 5 நாள், டப்பில் 12 நாள், மறுபடி தனித் தொட்டியில் 30 நாள் இருந்தன. மொத்தம் எத்தனை நாள்?
3. திங்கள் காலை 8 மணிக்கு மீனை முதல் டப்பில் விட்டீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் இரண்டாம் டப்புக்கு மாற்ற வேண்டும்?

கலந்து பேசுவோம்

வியாபாரி 50 மீன்கள்தான் வேண்டும், 40 என்றால் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் குழு என்ன செய்திருக்கலாம்? உங்கள் குழுவில் பேசி, முடிவை நோட்டில் எழுதுங்கள்.